எஞ்சின் சொல்லுது சரி, நீங்க என்ன சொல்றீங்க?

அன்புள்ள சார்,

குகேஷ் சாம்பியன் ஆன கடைசி கேம நானும் மச்சானும் யூடியூப்ல மறுபடி பாத்தோம். மச்சானுக்கு காய் நகத்த மட்டும்தான் தெரியும், ஆனா திரை ஓரத்துல, யாரு கை ஓங்கியிருக்குன்னு எஞ்சின் (செஸ் கணக்கு போடற கம்ப்யூட்டர் ப்ரோகிராம்) காட்டற அந்த வெள்ளை கருப்பு பார் ஏறி இறங்கும்போதெல்லாம் "இது கூடவா தெரியல இவனுங்களுக்கு"ன்னு திட்டறாரு. கடைசில "கம்ப்யூட்டர் வந்தப்பவே செஸ் செத்துப்போச்சு"ன்னு முடிச்சுட்டாரு. அப்புறம் வாட்ஸாப்ல சண்டை, நான் நாலு வரி எழுதினா அவரு ஏஐ கிட்ட கேட்டு ஸ்க்ரீன்ஷாட் போடறாரு. இவங்களோட வாதாடறதுல ஏதாச்சும் பிரயோஜனம் இருக்கா? என் பொண்ணு இப்பதான் செஸ் கத்துக்கறா, அவள எஞ்சின் பாக்க விடலாமா?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

உங்க மச்சான் தனி ஆள் இல்ல, 2024 டிசம்பர்ல நெட்ல மேட்ச் பாத்தவங்க நிறைய பேர் அந்த பாரத்தான் பாத்தாங்க, போர்ட இல்ல. சிங்கப்பூர்ல 14வது கேம், ஸ்கோர் ஆறரைக்கு ஆறரை, அப்ப உலக சாம்பியனா இருந்த டிங் லிரென் வெள்ளை, குகேஷ் கருப்பு. ஆளுக்கு ஒரு யானை ஒரு மந்திரி, சிப்பாய் குகேஷுக்கு ரெண்டு டிங்குக்கு ஒன்னு, ஒழுங்கா ஆடினா டிரா. 55வது மூவ்ல டிங் யானைய எஃப்2 கட்டத்துக்கு கொண்டு வந்தாரு, பார் சடார்னு கருப்பு பக்கம் போயிருச்சு, உடனே கமெண்ட் போட்டவன் எல்லாம் கிராண்ட்மாஸ்டர்.

சரி, அது ஏன் தப்பு? யானைக்கு யானை வெட்டினதும் குகேஷ் மந்திரிய டி5ல கொண்டு வந்து வெப்பாரு, டிங்கோட மந்திரி மூலையில ஏ8ல மாட்டிட்டு நிக்குது, அந்த குறுக்குக் கோட்ட விட்டு அதால வெளிய போகவே முடியாது, அதையும் மாத்திக்க வேண்டியதுதான். அப்புறம் மிஞ்சறது ராஜாவும் சிப்பாயும், அதுல ஒரு சிப்பாய் கூட வெச்சிருக்கற குகேஷுக்குத்தான் வெற்றி. இத சொல்லத் தெரிஞ்சவரு டிங்க திட்டினா நான் உக்காந்து கேப்பேன். பார் சாஞ்சுதேன்னு திட்டறவரு சொல்றது அவரோட கருத்தே இல்ல, ஸ்டாக்ஃபிஷ்ங்கற எஞ்சின் சொன்னத சத்தமா படிக்கறாரு, அவ்ளோதான்.

பெரிய ஆட்டக்காரங்களும் கோட்டை விடுவாங்க. 2006ல பான் நகரத்துல டீப் ஃப்ரிட்ஸ்ங்கற எஞ்சின் கூட ஆடினப்ப கிராம்னிக், அப்ப உலக சாம்பியன் அவரு, எதிர்ல இருக்கறது ஒரே மூவ்ல மேட் பண்ணப்போறத பாக்காம ராணிய நகத்தினாரு. அவ்வளவு பெரிய ஆளுக்கே அது கண்ணுல படல, அந்த நாற்காலில உக்காந்தாத்தான் தெரியும்.

பார் கூடவே எஞ்சின் காட்டற நம்பர்லயும் ஒரு கூத்து இருக்கு. +1ன்னா ஒரு சிப்பாய் லாபம்னு பல பேரு இன்னமும் நெனச்சுட்டிருக்காங்க. 2022 கடைசில ஸ்டாக்ஃபிஷ் 15.1 வந்தப்பவே அத மாத்தியாச்சு, அந்த எஞ்சின் தன்னோட தானே ஆடினா அங்கிருந்து ஜெயிக்க பாதிக்குப் பாதி சான்ஸ்னு இப்ப அர்த்தம். எஞ்சினுக்கும் எஞ்சினுக்கும் நடக்கற கணக்கு அது, நாலு மணி நேரம் உக்காந்து களைச்சுப்போன ரெண்டு மனுஷங்களோட கணக்கு இல்ல.

செஸ் செத்துப்போச்சுங்கறதுக்கு பெருசா பதில் வேண்டியதில்ல. காஸ்பரோவ டீப் ப்ளூங்கற கம்ப்யூட்டர் தோக்கடிச்சது 1997ல, குகேஷ் பொறந்ததே 2006ல. செத்ததா சொல்ற ஆட்டத்துக்கு மாமல்லபுரத்துல 2022ல செஸ் ஒலிம்பியாட் நடந்தப்ப எவ்ளோ நாட்டுக்காரங்க வந்து உக்காந்தாங்கன்னு மச்சானுக்கு ஞாபகப்படுத்துங்க.

ஸ்க்ரீன்ஷாட் விஷயம்தான் எனக்கு ரொம்ப எரிச்சல், ஏன்னா அது பார விட மோசம். ஸ்டாக்ஃபிஷ் தப்பு சொல்லுதுன்னு எனக்குத் தோணினா அது சொல்ற மூவுக்கு எதிரா நானே ஆடிப் பாத்துக்கலாம், கட்டத்துக்கு வெளிய எதுவும் இல்ல, ரூல் எல்லாருக்கும் ஒன்னு, தோத்தா வாய மூடிட்டு ஒத்துக்கலாம். ரேஷன் கடை, மொழி, சினிமா, தேர்தல்னு நாம அடிச்சுக்கற எதுக்கும் அப்படி ஆடிப் பாக்க ஒரு போர்ட் கிடையாது. ஏஐ எழுதறது பாக்க தீர்ப்பு மாதிரி இருக்கும், கேள்விய கொஞ்சம் திருப்பிக் கேட்டா தீர்ப்பும் திரும்பிரும், வேணும்னா நீங்களே கேட்டுப் பாருங்க. அதனால ஸ்க்ரீன்ஷாட்டுக்கு ஸ்க்ரீன்ஷாட் போடாதீங்க, "இதுல எந்த வரிய நீங்க ஒத்துக்கறீங்க, ஏன்"னு மட்டும் கேளுங்க. பதில் வந்தா விடிய விடிய வாதாடுங்க, மச்சான்தானே, எங்க போயிடப்போறாரு. வரலேன்னா போய் தூங்குங்க.

பொண்ணு விஷயம். குகேஷுக்கே சின்ன வயசுல பயிற்சி கொடுத்த விஷ்ணு பிரசன்னா எஞ்சின் பக்கம் விடாமத்தான் ரொம்ப நாள் வளத்தாரு, தானா யோசிக்கட்டும்னு. எஞ்சினே கூடாதுன்னு நான் சொல்லல, ஆடி முடிச்சதும் எங்க தப்புன்னு மொதல்ல அவளே தேடட்டும், நோட்ல எழுதட்டும், அதுக்கப்புறம் பாக்கட்டும். லைசெஸ்ங்கற செஸ் வெப்சைட் போதும், காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, எஞ்சின ஆஃப் பண்ண அதுலயே ஒரு பட்டன் இருக்கு.