அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் இளம் ரன்னிங் பேக் (பந்தைக் கையில் ஏந்தி ஓடுபவர்) ஒருவர் ஓடும்போது அடிக்கடி பந்தைத் தவறவிடுகிறார். இதைச் சரிசெய்ய முடியுமா?

முடியும். கையில் பலம் இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் பிடிக்கும் முறையில்தான் கோளாறு. பந்தின் ஒரு முனையை விரல்கள் மூட வேண்டும், மறுமுனை முழங்கை மடிப்பில் இறுக வேண்டும், முன்கையும் மார்பும் சேர்ந்து அணைக்க வேண்டும். ஓடத் தொடங்கும்போது எல்லோரும் இப்படித்தான் வைத்திருப்பார்கள். ஒருவரை ஏய்த்துத் திரும்பும்போதோ, இன்னும் இரண்டு கெஜம் கிடைக்குமா என்று முண்டும்போதோதான் முழங்கை உடம்பை விட்டு விலகும். எதிரணி அதற்காகவே காத்திருக்கும்: ஒருவர் பிடித்து நிறுத்துவார், இன்னொருவர் பந்தைக் குத்துவார். சிகாகோ பேர்ஸ் அணியில் ஆடிய தடுப்பாட்டக்காரர் சார்லஸ் டில்மன் இந்தக் குத்துக்கே பேர்போனவர்.

தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் ரன்னிங் பேக் டீக்கி பார்பர் 2003-இல் 9 முறை தவறவிட்டார். 2004-இல் டாம் காஃப்லின் தலைமைப் பயிற்சியாளராக வந்தபின், பார்பர் பந்தை மார்போடு உயர்த்தி, மணிக்கட்டு முழங்கைக்கு மேலே இருக்கும்படி பிடிக்கப் பழகினார். 2005-இல் 1,860 கெஜம் ஓடியும் ஒரே ஒரு முறைதான் நழுவியது. அப்போது அவருக்கு வயது 30!

அப்புறம், தவறவிட்டதும் பெஞ்சில் உட்கார வைக்கும் வழக்கம் இருக்கிறதே, என்னைக் கேட்டால் அது அரைகுறை வைத்தியம். அடுத்த முறை பையன் பயந்து பயந்து ஓடுவான், அவ்வளவுதான்.