பேனா டெல்லியில், ஷட்டர் சாவி இங்கே

போன வாரம் மத்திய ஜல் சக்தி அமைச்சரை, அதாவது டெல்லியின் நீர்வள அமைச்சரைப் பற்றி ஒருவர் கேட்டதற்கு நாலு வரி எழுதப்போக, கேள்விகள் குவிந்துவிட்டன. நான் பொதுப்பணித் துறையில் இருந்து ரிட்டையர் ஆனவன். சர்வீசில் பாதிக்கு மேல் சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம்தான். அமைச்சர்களைக் கிட்டத்தில் பார்த்ததில்லை; அவர்கள் துறையிலிருந்து வந்த காகிதங்களோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

காட்டுமன்னார்கோயில் விவசாயி: ஐயா, எங்கள் வாய்க்காலைத் தூர்வாரி வருஷக்கணக்கு ஆகிறது. டெல்லி அமைச்சருக்கே நேரடியாக மனு போடலாமா?

போடலாம். தபால் செலவுதான் மிச்சம். அரசமைப்புச் சட்டத்தில் தண்ணீர், பாசனம், கால்வாய், ஏரி எல்லாம் மாநிலப் பட்டியலில், 17ஆவது இனத்தில் இருக்கின்றன. மத்திய அரசுக்கு உள்ளது 56ஆவது இனம்: மாநிலம் விட்டு மாநிலம் ஓடும் ஆறுகள். அதுவும் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தரும் அளவுக்குத்தான். வீராணம் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வடவாற்றில் ஷட்டரை ஏற்றி இறக்கும் லஸ்கர் மாநில அரசு ஊழியர். வீராணத்தின் அளவுப் பலகையில் தண்ணீர் முழு மட்டமான 47.50 அடியைத் தொட்டதும் போன் போவது சிதம்பரத்துக்கும் சென்னைக்கும், டெல்லிக்கு அல்ல. மனுவைச் செயற்பொறியாளரிடம் கொடுங்கள். ஒரு நகலைக் கலெக்டர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

திருப்பாதிரிப்புலியூர் கல்லூரி மாணவி: இந்தப் பதவி எப்போது ஆரம்பித்தது சார்? முதல் அமைச்சர் யார்?

எதை ஆரம்பம் என்று சொல்வது என்பதிலேயே விவாதம் இருக்கிறது. என்னைக் கேட்டால் அம்பேத்கரிலிருந்து ஆரம்பிப்பேன். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் அவர் தொழிலாளர் துறை உறுப்பினர். பாசனமும் மின்சாரமும் அந்தத் துறைக்குள்தான் இருந்தன. தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கு அடி போட்டதும், இன்றைய மத்திய நீர் ஆணையத்தின் தாய் அமைப்பு 1945இல் உருவானதும் அவர் காலத்தில்தான். அவரை அரசமைப்புச் சட்டத்தோடு மட்டும் நிறுத்திவிடுகிறோம் என்பது என் பழைய குறை.

சுதந்திரத்துக்குப் பிறகு பாசனமும் மின்சாரமும் ஒரே அமைச்சகத்தில் இருந்தன. குல்சாரிலால் நந்தா பார்த்தார். அணை என்றாலே மின்சாரம் என்ற காலம் அது. 1985இல்தான் நீர்வளம் தனி அமைச்சகம் ஆனது. முதல் அமைச்சர் சங்கரானந்த், கர்நாடகக்காரர். 2014இல் கங்கைப் புத்துயிர்ப்பையும் பெயரோடு சேர்த்து உமா பாரதியிடம் கொடுத்தார்கள். 2019 மே மாதம் குடிநீர், சுகாதார அமைச்சகத்தையும் இதோடு இணைத்து ஜல் சக்தி என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரில் முதலில் அமைச்சரானவர் கஜேந்திர சிங் ஷெகாவத். 2024 ஜூனில் சி.ஆர். பாட்டீல் வந்தார்.

சிதம்பரத்திலிருந்து ஒருவர்: ஷட்டரும் மாநிலத்துக்கு, வாய்க்காலும் மாநிலத்துக்கு என்றால் அந்த அமைச்சருக்கு வேலைதான் என்ன?

ஒரு வேலை இருக்கிறது, பெரிய வேலை. 1956ஆம் ஆண்டு நதிநீர்த் தகராறு சட்டப்படி, ஒரு மாநிலம் தீர்ப்பாயம் கேட்டால், பேசித் தீராது என்று மத்திய அரசு "கருதினால்" அமைக்க வேண்டும். அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. கருதாமலே உட்கார்ந்திருந்தால்?

காவிரியில் அதுதான் நடந்தது. தமிழ்நாடு 1986 ஜூலையில் முறைப்படி கேட்டது. அமைந்தது 1990 ஜூன் 2ஆம் தேதி. அதுவும் நம் டெல்டா விவசாயிகள் சங்கம் ஒன்று 1983இல் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு. கேட்டதிலிருந்து ஒரு வருஷத்துக்குள் அமைக்க வேண்டும் என்ற கெடு 2002 திருத்தத்தில்தான் வந்தது.

அப்புறம் அரசிதழ். தீர்ப்பாயத்தின் உத்தரவை அதில் வெளியிட வேண்டியதும் மத்திய அரசுதான். தீர்ப்பாயத்தின் இறுதி உத்தரவு 2007 பிப்ரவரி 5. தமிழ்நாட்டுக்கு 419 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி), கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. அது அரசிதழில் வெளியானது 2013 பிப்ரவரி 19. ஆறு வருஷம் முழுசாக! மாநிலங்கள் மேல்முறையீடு போயிருந்தன என்பது ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் அமைச்சர்கள் மாறி மாறி வந்தார்கள், ஃபைல் மட்டும் நகரவில்லை. கடைசியில் உச்ச நீதிமன்றம் தேதி குறித்த பிறகு, ஹரீஷ் ராவத் அமைச்சராக இருந்தபோது வந்தது. அந்த நகல் எங்கள் ஆபீசுக்கு வந்த அன்று, ஹெட் கிளார்க் அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டுத்தான் ஃபைலில் கோத்தார்.

2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் நம் பங்கை 404.25 ஆகக் குறைத்து, தீர்ப்பை நடைமுறைப்படுத்த ஆறு வாரத்தில் "ஸ்கீம்" வகுக்கச் சொன்னது. கெடு முடிந்த பிறகு, ஸ்கீம் என்றால் என்ன அர்த்தம் என்று மத்திய அரசு நீதிமன்றத்திடமே கேட்டது. தேதியைத் தள்ளிப்போடுவது எப்படி என்று படிக்க விரும்புகிறவர்களுக்கு இது நல்ல பாடம். அந்த ஸ்கீம்படி காவிரி நீர் மேலாண்மை ஆணையம் பிறந்தது ஜூன் 1.

இன்னொரு பிடி பணம். 2019 ஆகஸ்ட் 15இல் அறிவித்த ஜல் ஜீவன் திட்டத்தில் கிராம வீட்டுக் குழாய்க்குப் பெரும்பாலான மாநிலங்களில் செலவு பாதிப் பாதி. அந்தப் பாதி எப்போது வரும் என்பது டெல்லி கையில்.

பாகூர் வாசகர்: பாகூர் ஏரி புதுச்சேரியில், தண்ணீர் வரும் சொர்ணாவூர் அணைக்கட்டு தமிழ்நாட்டில். மத்திய அமைச்சர் தலையிட மாட்டாரா?

தகராறு என்று யாராவது எழுதிக் கொடுத்தால்தான் அந்தப் பக்கம் அசையும். சொர்ணாவூரிலிருந்து பாகூருக்கு வரும் பங்காரு வாய்க்காலைப் பொறுத்தவரை இரண்டு பக்கத்துப் பொறியாளர்களும் போனில் பேசித் தீர்ப்பதே வழக்கம், அதுவே நல்லது. உங்கள் கவலை மேலே இருக்க வேண்டும். சொர்ணாவூர் அணைக்கட்டு இருக்கும் தென்பெண்ணையின் துணையாறான மார்க்கண்டேய நதியில் கர்நாடகம் யார்கோளில் அணை கட்டியது. தமிழ்நாடு நீதிமன்றம் போனது. தீர்ப்பாயம் வேண்டுமென்றால் மத்திய அரசைக் கேளுங்கள் என்று 2019 நவம்பரில் சொல்லிவிட்டது உச்ச நீதிமன்றம். சுற்றி வந்து மறுபடி அதே "கருதினால்" வாசலில் நின்றோம்.

குண்டு உப்பலவாடியிலிருந்து: 2024 டிசம்பரில் சாத்தனூர் திறந்து எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. டெல்லிக்குப் பொறுப்பில்லையா?

திறக்கும் முடிவு மாநில நீர்வளத் துறையுடையது. மத்திய நீர் ஆணையம் வெள்ள முன்னறிவிப்பு தரும். 2021 அணைப் பாதுகாப்புச் சட்டப்படி அமைந்த தேசிய ஆணையம் விதிமுறை சொல்லும். அந்த டிசம்பர் 2ஆம் தேதி விட்டது விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி. அந்த வேகத்தில் 1.465 டி.எம்.சி. வீராணம் ஏரி காலியாக இருந்தால் இரண்டரை மணி நேரத்தில் நிரம்பிவிடும். கணக்குப் போட்டுப் பார்த்து எனக்கே வயிற்றைக் கலக்கியது. எச்சரிக்கை நேரத்தோடு உங்கள் தெருவுக்கு வந்ததா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதை மாநிலத்திடம் கேளுங்கள்.

முதலியார்பேட்டை: புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. என்கிறீர்கள், எங்கள் குழாயில் காவிரி வரவில்லையே?

அது காரைக்காலுக்கு. அரசலாறு முதலிய ஆறுகள் வழியாகப் போகிறது. நீங்கள் குடிப்பது நிலத்தடி நீர்.

நெல்லிக்குப்பம்: கங்கை காவிரி இணைப்பு நம் காலத்தில் வருமா?

அந்த யோசனையைப் பெரிய அளவில் முன்வைத்தவர் கே.எல். ராவ். 1963 முதல் சுமார் பத்து வருஷம் பாசன அமைச்சகத்தில் இருந்தவர், விஜயவாடா எம்.பி., அதற்கு மேல் சிவில் இன்ஜினியர். 1972இல் அவர் சொன்னது 2,640 கிலோமீட்டர் கால்வாய், பாட்னா பக்கத்தில் கங்கையிலிருந்து விநாடிக்கு 60,000 கன அடி, வருஷத்தில் 150 நாள். தண்ணீரை மேட்டுக்கு ஏற்ற வேண்டிய மின்சாரத்திலேயே கணக்கு இடித்தது. இப்போது பேசப்படுவது கோதாவரி காவிரி. அதை நம்பி நான் வயலை விற்காமல் வைத்திருக்கவில்லை; விற்காததற்கு வேறு காரணம்.

காட்டுமன்னார்கோயில் விவசாயி (மறுபடி): செயற்பொறியாளரைப் பார்த்தேன் ஐயா. நிதி இல்லை என்கிறார்.

அவர் எஸ்டிமேட் போட்டு மேலே அனுப்பினாரா என்று கேளுங்கள். அனுப்பியிருந்தால் தேதியையும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். சொல்ல மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள். வாய்க்கால் பெயர், எந்த மதகிலிருந்து எந்த மதகு வரை, பாயும் ஏக்கர் எவ்வளவு என்று ஒரே பக்கத்தில் எழுதி, நாலு பேர் கையெழுத்தோடு ஜனவரிக்குள் கொடுத்துவிடுங்கள். டெல்டா தூர்வாரும் வேலை நடப்பது ஏப்ரல், மே. மேட்டூர் திறந்த பிறகு வந்தால் பொக்லைன் இறங்க இடம் இருக்காது.