சீலாவின் தன்வெப்பம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

உணவுப் பொருள்களின் வெப்பப் பண்புகள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, அவற்றை இணையத்திலேயே கணக்கிட்டுத் தரும் மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்தினேன். சீலா மீனுக்கு நீர் 78, புரதம் 19, கொழுப்பு 2, சாம்பல் 1 சதவீதம் என்று கொடுத்தேன். தன்வெப்பம், அதாவது ஒரு கிலோவை ஒரு டிகிரி குளிர்விக்க எடுக்க வேண்டிய வெப்பம், 3.7 கிலோஜூல் என்று வந்தது. 30 டிகிரியிலிருந்து மைனஸ் 18 வரை 48 டிகிரி. பெருக்கினால் கிலோவுக்கு 178 கிலோஜூல். ஓர் இரவுக்கு 500 கிலோ என்று வைத்து, அந்தக் கணக்கின்படி உறையவைக்கும் இயந்திரம் வாங்கினோம். விடிய விடிய ஓடியும் காலையில் மீனின் நடுவில் கத்தி சாதாரணமாக இறங்குகிறது. மென்பொருளை நம்பியது தவறா?

ஒரு வாசகர், தூத்துக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

கத்தி இறங்குகிறது என்ற வரியைப் படித்தபோது வருத்தமாக இருந்தது. முதல் போட்டு வாங்கிய இயந்திரம் அல்லவா.

மென்பொருள் கொடுத்த எண் சரியானதுதான். வெப்பநிலைக் கட்டத்தில் முன்கூட்டியே நிரப்பியிருந்த 20 டிகிரியை நீங்கள் மாற்றாமல் விட்டிருக்க வேண்டும். 3.7 என்பது உறையாத மீனின் தன்வெப்பம். மைனஸ் 2 டிகிரியை ஒட்டி மீன் உறையத் தொடங்கும். அதுவரைக்கும்தான் அந்த எண் செல்லும்.

ஒரு கிலோ நீர் பனிக்கட்டியாக மாற 334 கிலோஜூல் உள்ளுறை வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். மீனுக்குள் இருப்பதோ உப்பும் பிறவும் கரைந்த நீர். கொஞ்சம் பனியானதும் மிச்சமுள்ள நீரில் உப்பு கூடுகிறது. அது உறைய இன்னும் குளிர் வேண்டியிருக்கிறது. உங்கள் மீனில் கிலோவுக்கு 780 கிராம் நீர். மைனஸ் 5இல் அதில் ஏறத்தாழ 560 கிராம் பனியாகியிருக்கும், மைனஸ் 18இல் 690 கிராம். மீதி 90 கிராம் அப்போதும் உறையாமலே கிடக்கும்.

இப்போது கணக்கைத் திரும்பப் போடுவோம். 30 டிகிரியிலிருந்து மைனஸ் 2 வரை 118 கிலோஜூல். நீர் பனியாவதற்கு 230. உறைய உறைய மைனஸ் 18 வரை குளிர்விக்க இன்னொரு 38. மொத்தம் 386. நீங்கள் போட்டதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

இத்தகைய மென்பொருள்கள் பலவற்றுக்கு அடிப்படை, 1986இல் சோய், ஓகோஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்ட சமன்பாடுகள். நீர், புரதம், கொழுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் மைனஸ் 40 முதல் 150 டிகிரி வரை தனித்தனி எண் கிடைக்கும். அதனதன் பங்கின்படி கூட்டினால் உணவின் எண். அருமையான வேலை. ஆனால் நீரில் எவ்வளவு பனியாகிவிட்டது என்பதைத் தனியே சேர்த்தாக வேண்டும். அதைக் கேட்காமல், எச்சரிக்கவும் செய்யாமல் ஒற்றை எண்ணை நீட்டும் பக்கங்கள் மேல் எனக்குக் கோபமே உண்டு. தொடக்க உறைநிலையைக் கேட்டு, என்தால்பியை, அதாவது அந்தந்த வெப்பநிலையில் ஒரு கிலோ மீனில் அடங்கிய மொத்த வெப்பக் கணக்கை, தரும் மென்பொருளைத் தேடுங்கள். 30 டிகிரியில் ஓர் எண், மைனஸ் 18இல் ஓர் எண்; இரண்டின் வித்தியாசம்தான் உங்கள் இயந்திரத்தின் சுமை.

வாங்கிய இயந்திரத்தை வீணென்று தள்ள வேண்டாம். ஒரு தடவைக்கு 200 கிலோவோடு நிறுத்துங்கள். முழு மீனாக வைக்காமல் துண்டு போட்டு, தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். தடிமன் இரட்டித்தால் உறையும் நேரம் இரட்டிப்போடு நிற்காது.

நீரின் அளவை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவு அட்டவணை தொடங்குவதற்கு நல்லது. ஆனாலும் ஒருமுறை நீங்களே அளந்துவிடுங்கள். நான் முதலில் அளந்தபோது பத்து கிராம் மீனை நறுக்கி, எவர்சில்வர் கிண்ணத்தில் 105 டிகிரி அடுப்பில் இரவு முழுவதும் வைத்தேன். காலையில் கிண்ணத்தில் ஒட்டியிருந்தது பழுப்பு நிறச் சருகு போன்ற இரண்டு கிராம். சாளை ஏற்றுவதாக இருந்தால் இதைப் பருவத்துக்குப் பருவம் செய்ய வேண்டும். அதன் கொழுப்பு அந்த அளவுக்கு ஏறி இறங்கும்; நீரின் பங்கும் கூடவே மாறும்.