கார்னெட் பச்சையாகவும் இருக்குமா?

கேள்வி: சாவோரைட் கார்னெட் என்று ஒரு பச்சைக் கல் கைக்கு வந்திருக்கிறது. அதேபோல் பச்சையாக இருக்கும் பெரிடாட் கல் இல்லை என்று எப்படி உறுதி செய்வது?

பதில்: மாதுளை முத்துச் சிவப்பு மட்டும்தான் கார்னெட் என்பதில்லை, பச்சை, ஆரஞ்சு, ஊதா எல்லாம் உண்டு. 10 மடங்கு லென்ஸில் மேல்முகப்பு வழியாக அடிப்பட்டைகளை (கீழ்ப்பக்கம் வெட்டிய முகங்களை) பாருங்கள். பெரிடாட்டில் பட்டை விளிம்புகள் இரட்டைக் கோடாகத் தெரியும், கார்னெட்டில் ஒற்றைதான். கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். பெரிடாட்டிலும் சில திசைகளில் இரட்டிப்பு மறைந்துவிடும்.

கண்ணாடியும் ஒற்றைக் கோடுதான் காட்டும். அதனால் அடுத்து ஒப்படர்த்தி, அதாவது அதே கன அளவு தண்ணீரைவிடக் கல் எத்தனை மடங்கு கனம் என்பது. கல்லை உலர எடைபோட்டுக்கொள்ளுங்கள். தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்கி, மெல்லிய நூலில் கட்டிய கல்லை அடியில் தொடாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். உலர் எடையைத் தராசு இப்போது காட்டும் எண்ணால் வகுங்கள். 1.805 கிராம் கல்லுக்கு 0.500 காட்டினால் 3.61, அது சாவோரைட்டின் எண். பெரிடாட் 3.34, பச்சை டூர்மலின் 3.06.

பலரும் தவறுவது தராசில். 1 காரட் என்பது 0.2 கிராம். 0.01 கிராம் வரை மட்டுமே காட்டும் தராசில் 1 காரட் சாவோரைட்டுக்கு 0.05 அல்லது 0.06 வரும், விடை 4.0 அல்லது 3.33! சாவோரைட்டே பெரிடாட்டாகிவிடும். 0.001 கிராம் தராசு வேண்டும். கல்லில் காற்றுக்குமிழ் ஒட்டினாலும் விடை குறையும்; தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விடுங்கள். ஈயக் கண்ணாடி 3.6-ஐ எட்டலாம் என்பதால், உள்ளே உருண்டைக் குமிழ் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கோமேதகத்தையும் தேன்நிற ஜிர்கானையும் எப்படிப் பிரிப்பது?

பதில்: இது சுலபம். ஜிர்கானில் விளிம்பு இரட்டிப்பு பளிச்சென்று தெரியும், பட்டை முனைகள் பொரிந்திருக்கும், ஒப்படர்த்தி சுமார் 4.7. கார்னெட் வகையான கோமேதகம் 3.65, உள்ளே பாகு தண்ணீரில் கரைவதுபோல நெளிநெளியாக இருக்கும்.

கேள்வி: என் கல் பகலில் நீலப்பச்சை, குண்டு பல்பில் செந்நிறம். ஒளிக்கேற்ப நிறம் மாறும் அலெக்சாண்ட்ரைட்தானே?

பதில்: அவசரப்படாதீர்கள். நிறம் மாறும் கார்னெட்டும் உண்டு. மடகாஸ்கரின் பெகிலியில் கிடைத்தது பேர்போனது. ஒளிவிலகல் எண்ணும் ஒப்படர்த்தியும் இரண்டுக்கும் நெருக்கம், அவற்றை நம்பிப் பயனில்லை. விளக்கை மாற்றாமல் கல்லை மட்டும் பல பக்கம் திருப்புங்கள்: பக்கத்துக்கு ஒரு நிறம் காட்டினால் அலெக்சாண்ட்ரைட், எப்பக்கமும் ஒரே நிறமென்றால் கார்னெட். இன்னொரு வழி: சிறு தெர்மாகோல் துண்டில் கல்லை வைத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டு, நியோடிமியம் காந்தத்தை அருகே கொண்டுபோங்கள். மாங்கனீசும் இரும்பும் உள்ள கார்னெட் காந்தத்தின் பின்னாலேயே வரும். அலெக்சாண்ட்ரைட் அப்படி வராது.