வாசகர் கேள்வி–பதில்: குறைந்த செலவில் மழைக்காடு

கேள்வி: குழந்தைகளோடு நாங்கள் நான்கு பேர், நான் அரசு ஊழியர். ஏப்ரல் விடுமுறையில் மலேசியாவின் தமான் நெகாரா காட்டுக்குப் போக ஆசை. ட்ராவல்ஸில் தலைக்கு இவ்வளவு என்று சொன்ன தொகையைக் கேட்டதுமே ஆசை பாதி போய்விட்டது. நாங்களே சிக்கனமாகப் போய்வர முடியுமா? (வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்)

பதில்: தாராளமாகப் போய்வரலாம். நாமக்கல் வழியாகத் திருச்சிக்கு பஸ்ஸில் மூன்று மணி நேரம்தான், அங்கிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானமே இருக்கிறது, நான்கு மணி நேரப் பயணம். சென்னைக்கு ஓடி அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதில்லை. விசாவும் வேண்டாம்: 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம், 2026 கடைசி வரை அதை நீட்டித்திருக்கிறார்கள். ஆனால் போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் ஆன்லைனில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். அது முழுக்க இலவசம், அதற்குப் பணம் கேட்கும் இணையதளம் எதையும் நம்பாதீர்கள். அரசு ஊழியர் என்பதால் அலுவலகத்தில் முன் அனுமதி வாங்கிவிட்டு அப்புறம் டிக்கெட் போடுங்கள்.

கோலாலம்பூரிலிருந்து ஜெராந்துட் என்ற சிறிய ஊருக்கு பஸ், அங்கிருந்து கோலா தஹான் கிராமத்துக்கு இன்னொரு வண்டி. இந்தக் கிராமத்தில்தான் உங்கள் பணம் மிச்சமாகும். நடுவே தெம்பெலிங் ஆறு ஓடுகிறது. அக்கரையில் காடும் விலை கூடிய ரிசார்ட்டும், இக்கரையில் கிராமத்து வீடுகளும் சின்னச் சின்ன விடுதிகளும். இக்கரையில் தங்கிக்கொண்டு காலையில் படகில் அக்கரைக்குப் போனால் போதும், படகுக்கு ஓரிரு ரிங்கிட்தான். ஒரு ரிங்கிட் நம் காசில் இருபது ரூபாய்க்கு மேல் இருக்கும். தேவையான பணத்தை ஜெராந்துட்டிலேயே எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் நல்ல நேரம். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழை, ஆறு பெருகிப் பாதைகள் முழுகிவிடும், அந்த மாதங்களில் டிக்கெட் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். இன்னொன்றை உறுதியாகச் சொல்கிறேன், ரூமில் மிச்சம் பிடியுங்கள், சாப்பாட்டில் மிச்சம் பிடியுங்கள், ஆனால் வழிகாட்டிக்குக் கொடுக்கும் கூலியிலும் பயணக் காப்பீட்டிலும் கை வைக்காதீர்கள். 4,343 சதுர கிலோமீட்டர் காடு அது. பாதையை விட்டு நாலடி தள்ளிப் போனாலே திசை தெரியாது, பொழுது சாய்வதற்கு முன்பே மரங்களுக்கு அடியில் இருட்டிவிடும். குழந்தைகளிடம் புலி, யானை பார்க்கலாம் என்று ஆசை காட்டிவிடாதீர்கள். அவை இருக்கின்றன, ஆனால் கண்ணில் படுவது அபூர்வம். இரவு நடையில் தேள், சிலந்தி, குச்சிப்பூச்சி எல்லாம் டார்ச் வெளிச்சத்தில் கிட்டத்தில் பார்க்கலாம், பிள்ளைகளுக்கு அதுவே போதும். பாத்தெக் பழங்குடியினர் வாழும் இடத்துக்குக் கூட்டிப்போனால், கேட்காமல் யாரையும் படம் எடுக்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கேள்வி: சேலத்து வெயிலிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தக் காட்டுச் சூடு எங்களை என்ன செய்யும்? அம்மாவுக்கு 61 வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார், அவரையும் அழைத்துப்போகலாமா? (வாசகர், ஓமலூர்)

பதில்: இதைத்தான் நிறையப் பேர் தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள். நம் ஊரில் மே மாதம் 40 டிகிரி அடித்தாலும் காற்று காய்ந்திருக்கும், வேர்வை உடனே உலரும், உலரும்போது உடம்பு குளிரும். அங்கே 32 டிகிரிதான் இருக்கும், ஆனால் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வேர்வை வழிந்துகொண்டே இருக்குமே தவிர உலராது, உடம்புச் சூடு இறங்க வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். அதனால் முதல் நாளே பெரிய நடை வேண்டாம். காலையில் புக்கித் தெரெசெக் குன்று வரை போய்த் திரும்பி, மத்தியானம் படுத்து ஓய்வெடுங்கள். உடம்பு முழுசாகப் பழக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அவ்வளவு நாள் உங்களுக்கு இருக்காது. வெறும் தண்ணீர் மட்டும் குடித்தால் போதாது, ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களை இங்கிருந்தே வாங்கிப் போங்கள்.

உடை விஷயத்தில் நம் ஊர்ப் பழக்கத்தைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். கெட்டியான பருத்திச் சட்டை அங்கே நனைந்தால் மறுநாளும் ஈரமாகவே கிடக்கும், ஜீன்ஸ் அதைவிட மோசம், தொடையிடுக்கில் உரசிப் புண்ணாகிவிடும். விளையாட்டுக்குப் போடும் மெல்லிய டி-ஷர்ட், முழுநீள பேண்ட் போதும். டவலுக்குப் பதில் நம் ஈரிழைத் துண்டு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், பிழிந்து கொடியில் போட்டால் சீக்கிரம் காயும், பையில் இடமும் அடைக்காது. விலை உயர்ந்த ஷூவும் வேண்டாம். 'கம்போங் அடிடாஸ்' என்று அங்கே செல்லமாக அழைக்கிற கறுப்பு ரப்பர் ஷூ மலிவாகக் கிடைக்கும், ரப்பர் பால் வெட்டுபவர்கள் போடுவது, அடியில் முள் முள்ளாக இருப்பதால் ஈர வேரில் வழுக்காது.

அம்மாவை அழைத்துப்போவதைப் பற்றி டாக்டர்தான் சொல்ல வேண்டும். சில பிரஷர் மாத்திரைகள் சிறுநீரை அதிகம் பிரிய வைக்கும், வேர்வையும் சேர்ந்துகொண்டால் நீரிழப்பு வேகமாக வரும். மாத்திரைச் சீட்டைக் கையில் கொண்டுபோய்க் கேளுங்கள். மலேரியா தடுப்பு மாத்திரை தேவையா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். டெங்கு கொசு பகலில் கடிப்பது, அதனால் கொசு க்ரீம் பகலிலும் தடவ வேண்டும்.

கேள்வி: அட்டை என்றாலே எனக்கு நடுக்கம். அதற்குப் பயந்தே காட்டுப் பக்கம் போனதில்லை. (வாசகி, வாழப்பாடி)

பதில்: அட்டை கடித்தால் வலிக்கவே வலிக்காது, ரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு திரவம் விடுவதால் கடிவாயில் கொஞ்ச நேரம் கசியும், அவ்வளவுதான். நூல் மாதிரி மெலிந்து ஷூ லேஸ் ஓட்டை வழியாகக்கூட நுழையும். நெருக்கமாக நெய்த துணியில் முட்டி வரை வரும் உறை ஒன்றை உங்கள் தெரு டெய்லரிடமே தைத்துக்கொள்ளலாம், சாக்ஸுக்கு மேல் போட்டு பேண்டை அதற்குள் சொருகுங்கள். ஒட்டிக்கொண்டால் உப்போ நெருப்போ வேண்டாம், அது வயிற்றில் உள்ளதைக் காயத்திலேயே கக்கிவிடும். நகத்தை அதன் வாய்க்கு அடியில் தோலோடு ஒட்டி வைத்து நகர்த்தினால் விட்டுவிடும். சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

பயம் போக முதலில் பக்கத்தில் ஒரு நாள் போய்ப் பாருங்கள். பாலக்காடு வரை ரயில், மண்ணார்க்காடு வழியாக முக்காலி, அங்கிருந்து வனத்துறை வண்டியில் அமைதிப் பள்ளத்தாக்கு. மின்திட்டத்தை எதிர்த்து மக்கள் போராடிக் காப்பாற்றிய மழைக்காடு, 1984-ல் தேசியப் பூங்காவானது. அங்கே நடந்துவிட்டால் மலேசியாவுக்குத் தைரியம் வந்துவிடும்.

கேள்வி: ஏற்காடு எஸ்டேட்டில் வளர்ந்தவன் நான், காடு எனக்குப் புதிதில்லை. நேரே அமேசானுக்கே போய்விடலாமா? (கல்லூரி மாணவர், ஏற்காடு)

பதில்: தம்பி, 1,500 மீட்டர் உயரத்தில் சில்வர் ஓக் நிழலில் காப்பிச் செடிகளுக்கு நடுவே நடப்பதும், ராத்திரியில்கூடக் குளிராத சமவெளிக் காட்டில் நடப்பதும் ஒன்றல்ல. விமான டிக்கெட்டே உங்கள் சேமிப்பை விழுங்கிவிடும், கொஞ்ச வருடம் பொறுங்கள். போகும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி மறக்காதீர்கள், சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், புறப்படுவதற்குக் குறைந்தது பத்து நாள் முன்பே போட வேண்டும். சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே பிடித்துத் தனிமைப்படுத்துவார்கள்.

கேள்வி: கோலாலம்பூரில் இருக்கும் அக்காவுக்குச் சேலத்து மாம்பழம் ஒரு கூடை கொண்டுபோகலாமா? (வாசகர், ஆத்தூர்)

பதில்: கூடாது. அனுமதி இல்லாமல் பழம், செடி, விதை கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே பறித்துக்கொள்வார்கள். அக்காவுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு வாங்கிப் போங்கள், பில்லையும் கையோடு வைத்திருங்கள்.