வாசகர் கேள்வி – பதில்: பிளிட்ஸ் வரும்போது எத்தனை பேரை நிறுத்துவது?

கேள்வி: புனலூரில் இருக்கும் என் அத்தை மகனும் நானும் இணையம் வழியாக மேடன் என்ற அமெரிக்கக் கால்பந்து வீடியோ கேம் ஆடுகிறோம். ஏறக்குறைய எல்லா ஆட்டத்திலும் அவன் பிளிட்ஸ் அனுப்புகிறான்; அதாவது, வழக்கத்தைவிட அதிகம் பேரை என் குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்) மேல் பாயவிடுகிறான். பந்தை எறிவதற்குள் என் குவார்ட்டர்பேக் தரையில் கிடக்கிறார். பாதுகாப்பு மெனுவில் உள்ள அத்தனையையும் கற்றுக்கொண்டால்தான் தப்ப முடியுமா?
– ஒரு வாசகர், செங்கோட்டை

பதில்: வேண்டியதில்லை. தடுப்பு வரிசையை ஒரு பக்கமாக நகர்த்துவது, ரன்னிங் பேக்கை (குவார்ட்டர்பேக்கின் அருகே நின்று பந்தை வாங்கி ஓடுபவர்) ஓடவிடாமல் தடுப்புக்கு நிறுத்துவது ஆகிய இரண்டும் கைவந்தால் போதும். மெனுவுக்குள் நீங்கள் துழாவிக்கொண்டிருக்கும் நேரத்தில் உங்கள் அத்தை மகன் தன் ஆட்களை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்.

முதலில் தலைகளை எண்ணப் பழகுங்கள். உங்கள் அணியின் 11 பேரில் குவார்ட்டர்பேக் போக, சென்டர், இரண்டு கார்டுகள், இரண்டு டேக்கிள்கள் என 5 பேர் தடுப்பவர்கள்; ரன்னிங் பேக் உட்பட மீதி 5 பேர் பந்தைப் பிடிக்கத் தகுதி உள்ளவர்கள். எதிரணி வழக்கமாக 4 பேரை அனுப்பும். அதைச் சமாளிக்க உங்கள் ஐவரே போதும். 6 பேர் பாய்ந்து வந்தால், வரிசையை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் ஒருவர் தடையில்லாமல் வந்தே தீருவார். ரன்னிங் பேக்கை நிறுத்திவிட்டால் ஆறுக்கு ஆறு என்று சரியாகிவிடும். அப்போது முன்னால் ஓடும் உங்கள் 4 பேரை மறிக்க எதிரணியில் 5 பேர்தான் மிஞ்சியிருப்பார்கள்.

ஆறு பேர் வருவார்கள் என்பதை எப்படி முன்கூட்டியே அறிவது என்பதில்தான் ஆட்டத்தின் சுவையே இருக்கிறது. பாடிப் போகும் கபடி வீரர் எதிரணியின் கால்களைப் பார்ப்பதுபோல, ஸ்நாப்புக்கு (சென்டர் பந்தைப் பின்னால் தந்து ஆட்டத்தைத் தொடங்குவது) முன் சேஃப்டிகள் (எதிரணியில் கடைசியாகப் பின்னால் நிற்பவர்கள்) நிற்கும் இடத்தைப் பாருங்கள். உட்புறம் நிற்கும் உங்கள் ரிசீவரை (பந்தைப் பிடிக்க ஓடுபவர்) மறிக்க வேண்டிய எதிரணிக் கார்னர்பேக் மெல்ல வரிசைப் பக்கம் நகர, பின்னால் நின்ற சேஃப்டி அந்த ரிசீவருக்கு நேராக வந்து நின்றால், கார்னர்பேக் பாயப் போகிறார் என்று பெரும்பாலும் கொள்ளலாம்; ஏனெனில் அவர் விட்டுச் செல்லும் ஆளை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். லைன்பேக்கர்கள் (எதிரணியின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்கள்) முன்னால் வந்து மிரட்டுவதை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். அவர்களில் பாதிப் பேர் ஸ்நாப் ஆனதும் பின்வாங்கிவிடுவதும் உண்டு.

ஆபத்து தெரியும் பக்கத்துக்கு வரிசையை நகர்த்துங்கள். எதிர்ப்பக்க விளிம்பை ரன்னிங் பேக்கிடம் விடுங்கள். இரண்டு லைன்பேக்கர்கள் சென்டரின் இருபுறமும் வந்து நின்றால் வரிசையை உட்புறமாக நெருக்குங்கள். யாராவது ஒருவரைத் தடுக்காமல் விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், அவர் கடைக்கோடியில் நிற்பவராக இருக்கட்டும். நடுவில் வருபவருக்குக் குவார்ட்டர்பேக் நேர் எதிரே இருக்கிறார். விளிம்பிலிருந்து வருபவர் சுற்றித்தான் வர வேண்டும். அந்தச் சிறு அவகாசத்தில், பாய்ந்தவர் காலி செய்த இடத்துக்குள் ஓடும் ரிசீவரிடம் பந்து போய்விட வேண்டும். அதற்காகவே ஸ்நாப்புக்கு முன் ஒரு ரிசீவருக்காவது ஸ்லாண்ட் (உட்புறமாகச் சாய்வாக ஓடுவது) போன்ற குறுகிய ஓட்டத்தைக் கொடுத்து வையுங்கள்.

இன்னொன்று. ஆள் வருகிறார் என்றதும் விசையைப் பின்னால் இழுத்து ஓடுவது பலருக்குள்ள வியாதி. டேக்கிள்கள் எதிராளியை வெளிப்புறமாகத் தள்ளிச் சுற்றவிடுகிறார்கள். அந்தச் சுற்று குவார்ட்டர்பேக்குக்குப் பின்னால் போய் முடிய வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஷாட்கன் அமைப்பில் (சென்டரை ஒட்டி நிற்காமல் தள்ளி நின்று பந்தை வாங்குவது) ஏற்கெனவே சுமார் 5 யார்டு பின்னால் நிற்பவர் மேலும் பின்வாங்கினால், அந்தப் பாதையில் தானே போய் நிற்கிறார். விளிம்பில் நெருக்கடி வந்தால் ஓரிரு அடி முன்னால் எடுத்து வையுங்கள்.

கேள்வி: ரன்னிங் பேக், டைட் எண்ட் (தடுப்பு வரிசையின் ஓரத்தில் நிற்பவர்; பந்தையும் பிடிக்கலாம்) இருவரையும் நிறுத்தி 7 பேரைக் கொண்டு தடுக்கிறேன். நேரம் தாராளமாகக் கிடைக்கிறது; ஆனால் பந்தைப் பிடிக்க ஒருவரும் காலியாக இல்லை. என் பாறசாலை நண்பர் இதைப் பார்த்துச் சிரிக்கிறார்.
– ஒரு வாசகர், களியக்காவிளை

பதில்: அவர் சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. அவர் 4 பேரை மட்டும் அனுப்பினால், உங்கள் 3 ரிசீவர்களைச் சுற்றி 7 பேர் நிற்கிறார்கள். ஏழு பேர் தடுப்பு என்பது, எதிரணி உண்மையிலேயே 7 பேரை அனுப்பும்போதோ, நீளமான ஓட்டம் ஒன்றுக்கு நேரம் வாங்க வேண்டியபோதோ எடுக்க வேண்டியது. மற்ற வேளைகளில் ரன்னிங் பேக்கை மட்டும் நிறுத்திவிட்டு டைட் எண்டை ஓடவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பிள்ளைகளோடு ஆடும்போது இதையெல்லாம் யோசிக்க அவகாசமே கிடைப்பதில்லை. தனியே பழக வழி உண்டா?
– ஒரு வாசகி, நகரி

பதில்: உண்டு. பயிற்சிப் பகுதியில் எதிரணியின் திட்டத்தையும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். ஒரே ஒரு பிளிட்ஸை வைத்து, முதலில் எதையும் மாற்றாமல் ஸ்நாப் செய்து, தடையில்லாமல் வருபவர் யார் என்று மட்டும் பாருங்கள். அடுத்து வரிசையை நகர்த்தியும், அதற்கடுத்து ரன்னிங் பேக்கை நிறுத்தியும் பாருங்கள். அந்த ஆள் அடைபட்ட பிறகே வேறு பிளிட்ஸுக்குப் போங்கள்.