மருத்துவர் பதில்: கணுக்கால் வலிக்குக் கத்தியா, காத்திருப்பா?

கேள்வி: எனக்கு வயது 54. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். ஒரு வருடத்துக்கு மேலாக இடது கணுக்காலின் உள்பக்கம் வலி, வீக்கம். காலையில் எழுந்ததும் குதிகாலும் வலிக்கிறது. எக்ஸ்-ரேயில் குதிகாலில் எலும்பு வளர்ந்திருக்கிறது என்றார்கள். யூரிக் அமிலம் 6.8. கணுக்காலைச் சுழற்றினால் சொடக்குப் போட்டதுபோல் சத்தம் வருகிறது. உள்பக்கம் ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். மற்றபடி மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுச் சமாளிக்கிறேன். இப்போது உள்பக்க வலி பரவாயில்லை, வெளிப்பக்கம்தான் லேசாக வலிக்கிறது. ஒரு மருத்துவர் தசைநாணை மாற்றி வைத்து, குதிகால் எலும்பையும் வெட்டி நகர்த்த வேண்டும் என்கிறார். இன்னொருவர் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு நடக்கவே முடியாமல் போனவர்களின் வீடியோக்களைப் பார்த்ததிலிருந்து தூக்கம் இல்லை. செய்துகொள்ளலாமா, வேண்டாமா?

பதில்: முறையாகச் செய்தால் இந்த அறுவை சிகிச்சை பொதுவாக யாரையும் படுக்கையில் தள்ளிவிடுவதில்லை. பல மாதம் பொறுமை கேட்கும், அவ்வளவுதான். உங்கள் கடிதத்தில் நான் கவலைப்படுவது நீங்கள் நிம்மதியோடு எழுதிய வரியைப் பற்றி: 'உள்பக்க வலி பரவாயில்லை, வெளிப்பக்கம்தான் வலிக்கிறது.' இதைக் குணமாகி வருவதாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்படி இல்லாமலும் இருக்கலாம்.

கணுக்காலின் உள்பக்கம் புடைத்து நிற்கும் எலும்புக்குப் பின்னால் ஒரு தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் கயிறு) இறங்கி, பாதத்தின் உள்வளைவில் போய் ஒட்டுகிறது. ஒவ்வோர் அடியிலும் அந்த வளைவைத் தூக்கிப் பிடிப்பது அதன் வேலை. அது புண்ணாகி வீங்கும்போது உள்பக்கம் வலிக்கும். நாள்பட நாள்பட அது நைந்து நீண்டுவிட்டால் அங்கே வலி குறைந்துவிடும். பிடிமானம் போன பாத வளைவு தாழும், குதிகால் வெளிப்பக்கம் சாயும். சாய்ந்த குதிகால் வெளிக்கணுக்காலின் எலும்போடு இடித்து நெருக்குவதால் வலி வெளிப்பக்கம் தொடங்கும். வலி இடம் மாறி, கூடவே பாதமும் தட்டையாகிக்கொண்டு வந்தால் நோய் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது என்று பொருள். எவ்வளவு வலிக்கிறது என்பதை மட்டும் வைத்து அறுவை சிகிச்சையை முடிவு செய்பவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நில்லுங்கள். விரல் நுனிகள் மட்டும் சுவரைத் தொடட்டும், சாயக் கூடாது. யாரையாவது பின்னால் உட்கார்ந்து உங்கள் குதிகால்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். முதலில் இரண்டு குதிகால்களையும் ஒன்றாக உயர்த்துங்கள். நல்ல காலில் குதிகால் மேலே போகும்போதே சற்று உள்பக்கம் திரும்பும். அடுத்து இடது காலை மடக்கிக்கொண்டு வலது காலால் மட்டும் எழும்புங்கள். நல்ல கால் எப்படி எழும்புகிறது என்று தெரிந்தால்தான் ஒப்பிட முடியும். பிறகு இடது கால். முழங்கால் நேராக இருக்க வேண்டும், கையால் சுவரைத் தள்ளி ஏறக் கூடாது. ஐந்து முறை எழும்ப முடிந்து, குதிகால் உள்பக்கம் திரும்பவும் செய்தால் தசைநாண் இன்னும் வேலை செய்கிறது. ஒரு முறைகூட எழும்ப முடியவில்லை, அல்லது எழும்பினாலும் குதிகால் வெளிப்பக்கம் சாய்ந்தபடியே நிற்கிறது என்றால் அது வேலையை விட்டுவிட்டது. தெரிந்துகொள்ள ஒரு முறை செய்தால் போதும். தினமும் செய்து நைந்த நாணை மேலும் நைக்காதீர்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். இயல்பாக நின்றபடி, குதிகால் உயரத்திலிருந்து பின்புறமாக ஒரு புகைப்படம் எடுங்கள். நல்ல பாதத்தில் குதிகாலுக்கு வெளியே ஒன்று அல்லது இரண்டு விரல்கள் தெரியும். சாய்ந்த பாதத்தில் மூன்று, நான்கு தெரியும். மாதம் ஒருமுறை அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் எடுத்து வையுங்கள். 'கால் முன்பைவிடச் சாய்ந்திருக்கிறதா?' என்று மருத்துவர் கேட்கும்போது நினைவிலிருந்து பதில் சொல்வதைவிட இந்தப் படங்கள் உதவும்.

மற்றவற்றை மனதிலிருந்து இறக்கி வையுங்கள். குதிகாலில் வளர்ந்த எலும்பு, வலியே இல்லாத ஏராளமானோரின் எக்ஸ்-ரேயிலும் இருக்கிறது. காலையில் முதல் அடியில் வரும் வலி உள்ளங்காலின் சவ்விலிருந்து வருவது. கெண்டைக்காலையும் உள்ளங்காலையும் தினமும் இழுத்து நீட்டி வந்தால், பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் அடங்கிவிடும். அந்த எலும்பைச் செதுக்க வேண்டியதில்லை. யூரிக் அமிலம் 6.8 என்பதற்காக மாத்திரை வேண்டாம். கௌட் (யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் வாதம்) பொதுவாக இப்படி ஒரு வருடம் மெதுவாக வலிக்காது. திடீரென்று ஓரிரவில் சிவந்து, போர்வை பட்டாலே துடிக்க வைக்கும். வலி இல்லாத சொடக்குச் சத்தம் எதற்கும் அறிகுறி அல்ல.

டைக்ளோஃபெனாக்கை இன்றோடு நிறுத்துங்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள ஒருவர் மாதக் கணக்கில் அதைப் போட்டுக்கொள்வது சிறுநீரகத்தோடு விளையாடுவது. அது ரத்த அழுத்தத்தை ஏற்றும். நீங்கள் சாப்பிடும் அழுத்த மாத்திரையின் வேலையையும் குறைக்கும். வலி மரத்துப்போன தைரியத்தில் நடந்து நடந்து, நைந்துகொண்டிருக்கும் நாண் மீது முழு எடையையும் ஏற்றியிருக்கிறீர்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரிய, இந்த வாரமே ரத்தத்தில் கிரியேட்டினினும் சிறுநீரில் அல்புமினும் பார்த்துவிடுங்கள். வலி தாங்கவில்லை என்றால் பாராசிட்டமால் 500 மில்லிகிராம் போதும். ஸ்டீராய்டு ஊசியை அந்த உள்பக்கத்தில் இனி யார் சொன்னாலும் போட்டுக்கொள்ளாதீர்கள். எடை தாங்கும் நாணைச் சுற்றிப் போடும் ஸ்டீராய்டு அதை வலுவிழக்கச் செய்து அறுந்துபோகவும் வைக்கலாம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொன்னதில் ஆச்சரியம் இல்லை. ஒரு கேள்விக்கு விடை தெரியாமல் யாரும் சரியாகச் சொல்ல முடியாது: சாய்ந்த பாதத்தைக் கையால் பிடித்து நேராக்க முடிகிறதா, இல்லை அப்படியே இறுகிவிட்டதா? மருத்துவர் உங்களை உட்காரவைத்து, குதிகாலைப் பிடித்து முழங்காலுக்கு நேர்கீழே கொண்டுவந்து பார்க்க வேண்டும். அது வந்தால், பாதத்தின் முன்பகுதியும் முறுக்காமல் தட்டையாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சில நிமிட வேலைதான். உங்கள் காலைத் தொட்டுப் பார்க்காமல் எம்.ஆர்.ஐ. அறிக்கையை மட்டும் படித்துவிட்டுத் தேதி குறிப்பவரிடம் போக வேண்டாம். எம்.ஆர்.ஐ. படுத்த நிலையில் எடுப்பது. நாணில் கிழிசல் இருப்பதைக் காட்டும், எடை ஏறும்போது பாதம் எவ்வளவு சரிகிறது என்பதைக் காட்டாது. அதற்கு இரண்டு பாதங்களையும் இரண்டு கணுக்கால்களையும் நின்ற நிலையில் எக்ஸ்-ரே எடுக்க வேண்டும். கையிலிருப்பது படுத்து எடுத்த படம் என்றால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

பாதம் இன்னும் வளைந்து கொடுக்கிறது என்றால், முதலில் கத்தி இல்லாத சிகிச்சையை ஒழுங்காகச் செய்து பார்க்க உங்களுக்கு நேரம் இருக்கிறது. 'எல்லாம் செய்து பார்த்துவிட்டேன்' என்று பலரும் சொல்வது மாத்திரையும் களிம்பும் கடையில் வாங்கிய மெத்தென்ற ஜெல் இன்சோலும்தான். எடை ஏறியதும் அமுங்கிவிடும் எதுவும் பாத வளைவைத் தாங்காது. நான் சொல்வது இது: நான்கு முதல் ஆறு வாரம் முழங்காலுக்குக் கீழ்வரை நடைப் பூட்ஸ் அல்லது மாவுக்கட்டு, நாணுக்கு ஓய்வு கொடுக்க. அதன்பின் உங்கள் பாதத்துக்கு அளவெடுத்துச் செய்த, உள்வளைவைத் தாங்கும் கெட்டியான இன்சோல்; சாய்வு அதிகம் இருந்தால் கணுக்காலையும் சேர்த்துப் பிடிக்கும் பிரேஸ். வீட்டுக்குள்ளும் வெறுங்கால் கூடாது. குளியலறைக்குப் போகும் நாலு அடிக்கும் அந்த இன்சோல் வைத்த காலணியைப் போட வேண்டும். கூடவே பிசியோதெரபி: ரப்பர் பட்டையைப் பாதத்தில் மாட்டி உள்பக்கம் இழுப்பது, முழங்காலை நீட்டி ஒருமுறை, மடக்கி ஒருமுறை என்று கெண்டைக்காலை 30 விநாடி இழுத்துப் பிடிப்பது. மூன்று மாதம் இப்படி விடாமல் செய்து, ஆறு மாதத்துக்குள் ஒரு முடிவுக்கு வரலாம்.

அந்தக் காலத்தில் வலி அடங்கி, மாதப் படங்களில் பாதம் அப்படியே நின்றால் அறுவை சிகிச்சை தேவையில்லை. பிரேஸோடு காலத்தை ஓட்டுபவர்கள் நிறைய. பிரேஸ் போட்டும் வலி நடையை முடக்கினாலோ, வலி இருக்கட்டும் இல்லாமல் போகட்டும், படத்துக்குப் படம் சாய்வு கூடினாலோ அப்போது தள்ளிப்போடாதீர்கள்.

ஏன் தள்ளிப்போடக் கூடாது என்றால், பாதம் வளைந்து கொடுக்கும்வரை மூட்டுகளைக் காப்பாற்றிச் செய்ய முடியும். சிறு விரல்களை மடக்கும் நாணை எடுத்து, கெட்டுப்போன நாணின் இடத்தில் பொருத்துவார்கள். அதன் பழைய வேலை குறைந்ததே பெரும்பாலோருக்குத் தெரியாது. கூடவே குதிகால் எலும்பை வெட்டி, சுமார் ஒரு சென்டிமீட்டர் உள்பக்கம் நகர்த்தி ஓரிரு திருகாணிகளால் பிடித்துவிடுவார்கள். 'நாண்தானே கெட்டது, எலும்பை எதற்கு வெட்ட வேண்டும்?' என்று உங்களுக்குத் தோன்றலாம். சாய்ந்த குதிகாலை அப்படியே விட்டுவிட்டுப் புது நாணை மட்டும் தைத்தால், அதே சாய்வு அதையும் இழுத்து நீட்டிவிடும். உங்கள் மருத்துவர் இரண்டையும் சேர்த்துச் சொன்னது சரியான யோசனைதான். கெண்டைக்கால் இறுகியிருந்தால் அதையும் சற்று நீட்டிவிடுவார்கள்.

பாதம் இறுகிவிட்டால் இதெல்லாம் பலிக்காது. கணுக்காலுக்குக் கீழே உள்ள மூட்டுகளை, பெரும்பாலும் மூன்றை, நிரந்தரமாக இணைத்துவிட வேண்டியிருக்கும். வலி நன்றாகவே குறையும், நடக்கலாம். பாதம் மேலும் கீழும் அசையும். பக்கவாட்டு அசைவு போய்விடும்; மேடுபள்ளத்தில் நடப்பது கஷ்டமாகும். அசையாத மூட்டுகளின் பாரம் மேலே கணுக்கால் மூட்டுக்குப் போவதால், வருடங்கள் கழித்து அங்கே தேய்மானம் வரவும் வாய்ப்புண்டு. தவறவிடக் கூடாத கட்டம் என்று நான் சொல்வது இதைத்தான்.

வீடியோவில் பார்த்தவர்களுக்கு என்ன அறுவை, எந்தக் கட்டத்தில், சர்க்கரை எவ்வளவு இருந்தது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நாண் மாற்றும் சிகிச்சையில் பொதுவாக நடப்பது இது: சுமார் ஆறு வாரம் அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது. பிறகு பூட்ஸோடு கொஞ்சம் கொஞ்சமாக எடை ஏற்றி, மூன்றாம் மாதவாக்கில் ஷூவுக்கு மாறலாம். மாலையில் வரும் வீக்கம் ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட இருக்கும். முழுப் பலன் தெரியவும் ஒரு வருடம் ஆகும். நான்காம் மாதம் வீங்கிய காலைப் பார்த்து, எல்லாம் வீணாகிவிட்டது என்று அழ வேண்டாம். முதல் இரண்டு வாரம் காலை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைத்திருந்தால்தான் தையல் நன்றாக ஆறும். வாக்கரில் ஒற்றைக் காலால் நடப்பதை அறுவைக்கு முன்பே பழகிக்கொள்ளுங்கள். குளியலறையில் உட்கார ஒரு ஸ்டூல், உதவிக்கு ஒருவர், படியேறாத அறை இவற்றை ஏற்பாடு செய்த பிறகே தேதி வாங்குங்கள்.

சிக்கல்களும் உண்டு. தையல் பிரியலாம், சீழ் பிடிக்கலாம், வெட்டிய எலும்பு சேரத் தாமதமாகலாம், பாதத்தின் வெளி ஓரம் மரத்துப்போகலாம். முதல் மூன்றையும் கூட்டுவது சர்க்கரையும் புகைபிடிப்பதும். உங்கள் மூன்று மாத சர்க்கரை சராசரி, அதாவது ஹெச்பிஏ1சி, 8-க்கு மேல் இருந்தால் இறங்கும்வரை காத்திருங்கள். 7.5-க்குக் கீழ் இருந்தால் இன்னும் நல்லது. பாதத்தில் உணர்ச்சியும் ரத்த ஓட்டமும் சரியாக இருக்கின்றனவா என்பதையும் முன்கூட்டியே சோதிக்க வேண்டும். அறுவைக்குப் பின் கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ அது ரத்தக் கட்டியாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இப்போதும்கூட, சர்க்கரை உள்ள உங்களுக்கு ஒரு பாதம் மட்டும் சூடாகச் சிவந்து வீங்கி, அந்த அளவுக்கு வலி இல்லாமல் இருந்தால் அதையும் அன்றே காட்டுங்கள். காட்டும்வரை அந்தக் காலை ஊன்ற வேண்டாம்.

இந்த வாரம் சோதனையைச் செய்து பாருங்கள். குதிகால் எழும்பவில்லை என்றால் நின்ற நிலை எக்ஸ்-ரேக்களோடு பாத அறுவையில் அனுபவமுள்ள எலும்பு மருத்துவரைப் பாருங்கள். பாதம் இன்னும் வளைகிறதா, எந்த மூட்டையாவது இணைக்கப் போகிறீர்களா, இதே அறுவையை வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள் என்று மூன்றையும் நேராகக் கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்பவரிடம் செய்துகொள்ளுங்கள்.